கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு சொல்லைப் படிங்க!



ஐடிஐ முடித்த தம்பி தங்கைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுற அப்பா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்னு நம்ம மதுரைச் சுத்துப்பட்டிலிருந்து வருஷா வருஷம் பிள்ளைகள் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன், மெக்கானிக் படிச்சு வெளியே வர்றாங்க. புதூர் அரசு ஐடிஐ-யில் படிச்சவங்க உண்டு. கடன் வாங்கித் தனியாரில் படிச்சவங்களும் உண்டு. கப்பலூர் சிட்கோவிலோ, கோயம்புத்தூரிலோ, ஓசூரிலோ, ஒரகடத்திலோ ஒரு கம்பெனி கூப்பிடுது. "பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு"ன்னு வீட்டில் சந்தோஷம்.

ஆனால் அவன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்க. பல தாள்களில் "வேலை" என்ற சொல்லே இருக்காது. "அப்ரண்டிஸ்" என்று இருக்கும். அல்லது "டிரெய்னி" என்று இருக்கும். சம்பளம் என்று இருக்காது, "ஸ்டைபண்டு" என்று இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

பேரு என்னவா இருந்தா என்ன, மாசம் பணம் வருதுல்லன்னு விட்டுடுறோம். அங்கேதான் கோட்டை விடுறோம். அந்த ஒரு சொல்தான் உங்க பிள்ளை தொழிலாளியா, பழகுநரா என்பதை முடிவு பண்ணுது. பி.எஃப். உண்டா, இ.எஸ்.ஐ. உண்டா, குறைந்தபட்சக் கூலி உண்டா, பயிற்சி முடிந்ததும் வேலை உண்டா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

வேலை பழகுவது நமக்குப் புதுசு இல்லை. லேத் பட்டறையிலும், டூவீலர் மெக்கானிக் கடையிலும், தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறைகளிலும், தையல் கடைகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வேலை பழகியிருக்கிறார்கள். டீ வாங்கி வர்றதில் ஆரம்பிச்சு, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, ஒரு நாள் மேஸ்திரி "நீ பிடிடா"ன்னு சொல்லும்போது கை வேலைக்காரனாக மாறும். அப்படிப் பழகி முதலாளி ஆனவர்கள் நம்ம ஊரில் ஏராளம். ஆனால் அதில் எழுத்து கிடையாது, கணக்கு கிடையாது, எத்தனை வருஷம் என்று வரையறை கிடையாது. வேலை தெரியும், சான்றிதழ் இருக்காது.

இன்னொன்றையும் தமிழ்நாடு மறக்காது. 1953-ல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பனுடைய தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. "குலக்கல்வி" என்று மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தொழில் பழகுவது இழிவு என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. எவன் எதைப் பழக வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு பண்ணக் கூடாது என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலும் படிக்கலாம். அந்த உரிமை வந்தபிறகு அடுத்த கேள்வி வருகிறது: என்ன விதிமுறையில் பழகுகிறான்?

அதற்காக உள்ளதுதான் 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம். அப்ரண்டிஸ் சட்டம் என்றால் இதுதான். இதில் வருகிற சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

*ஐடிஐ சான்றிதழ்.* தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துத் தேர்வு எழுதி வாங்குவது. தேசிய தொழிற்சான்றிதழ், சுருக்கமா என்.டி.சி. இது படிப்புக்கான சான்று.

*தொழிற்பழகுநர் சான்றிதழ்.* தொழிற்சாலையில் முறையாகப் பழகி, அதற்கான தேர்வில் தேறி வாங்குவது. சுருக்கமா என்.ஏ.சி. இது வேறு, அது வேறு. கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் "இவர் எங்களிடம் பயிற்சி பெற்றார்" என்று அடித்துக் கொடுக்கும் தாள் இந்த இரண்டுமே கிடையாது.

*ஒப்பந்தம்.* பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றவரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் விவரங்களை நிறுவனம் 7 நாளுக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். இப்போது அது இணையதளத்தில் நடக்கிறது. பதிவு எண் வரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்க.

*ஸ்டைபண்டு.* உதவித்தொகை. சட்டத்தின் கண்ணில் இது கூலி இல்லை. 2019-ல் திருத்திய விதிப்படி முதல் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் பத்தாம் வகுப்புக்கு 6,000, ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இரண்டாம் வருஷம் 10 சதவீதமும் மூன்றாம் வருஷம் 15 சதவீதமும் கூட வேண்டும். இது தரை. இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் நிறுவனம் தரலாம். 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. சேரும் நாளில் என்ன தொகை அமலில் இருக்கிறது என்று ஐடிஐ-யில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க.

ஒரு சின்னக் கணக்கு. மாதம் 7,000 ரூபாயை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 269 ரூபாய். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். ரெண்டு வருஷம் படிச்சு, மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிஞ்ச பையனுக்குக் கண்மாய் வெட்டப் போன அவன் அம்மாவை விடக் குறைவு. கண்மாய் வேலையைக் குறைச்சுச் சொல்லவில்லை. இந்தப் பையனுக்குக் கிடைக்கிறது எவ்வளவு கம்மி என்று சொல்கிறோம்.

அப்படியானால் இந்தச் சட்டமே மோசமா? இல்லை தோழர்களே. கொடுக்கல் வாங்கல் இரண்டையும் பார்க்கணும்.

சட்டம் எடுத்துக்கொள்வது என்ன? 18-வது பிரிவு, பழகுநர் தொழிலாளி அல்ல என்கிறது. அதனால் தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் அவரைத் தொடாது. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தச் சட்டப்படி சேர்ந்த பழகுநரை ஊழியர் என்ற வரையறைக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கிறார்கள்.

பதிலுக்குக் கொடுப்பது என்ன? இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

பழகுநருக்குப் பீஸ் ரேட்டில் பணம் தரக் கூடாது. உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் என்று இலக்கு வைத்து ஓட்டக் கூடாது. ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. அந்த அனுமதியும் பயிற்சிக்கோ பொது நலனுக்கோ தேவை என்று அவர் திருப்தி அடைந்தால்தான். பழகும் தொழிலுக்குச் சம்பந்தம் இல்லாத வேலையைக் கொடுக்கக் கூடாது. டர்னர் பையனை லோடு இறக்க அனுப்புவது சட்ட மீறல். தொழிற்சாலையில் தொழிலாளிக்கு உள்ள சுகாதார, பாதுகாப்பு ஏற்பாடுகள் பழகுநருக்கும் உண்டு. பயிற்சியின்போது விபத்தில் காயம் பட்டால் 16-வது பிரிவின்படி இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு. பிரஸ் மிஷினில் விரல் போனவனிடம் "நீ டிரெய்னிதானே, உனக்கு ஒண்ணும் கிடையாது"ன்னு சொல்ல முடியாது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்குப் பழகுநர் இடங்களில் ஒதுக்கீடும் இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆக, சட்டம் போட்ட பேரம் இதுதான்: தொழிலாளிக்குரிய கூலியைக் கேட்காதே, பதிலுக்கு உனக்கு முழுசா ஒரு தொழில் கற்றுத் தரப்படும், உன்னை உற்பத்திக்குப் பிழியக் கூடாது. பேரம் நேர்மையானதுதான், இரண்டு பக்கமும் காப்பாற்றினால். நடப்பது என்ன? கூலி கொடுக்காத பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, கற்றுக்கொடுக்கும் பாதியை விட்டுவிடுகிறார்கள். முதல் வாரமே லைனில் நிறுத்தி, மூணு ஷிப்டும் ஓட்டி, ஒரே நட்டை ஒரு வருஷம் முறுக்க வைத்து, "பயிற்சி முடிந்தது" என்று அனுப்பினால், அவன் என்ன தொழில் பழகினான்?

இதைத் தடுக்க வேண்டிய தண்டனை எப்படி இருக்கிறது தெரியுமா? 2014-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. அனுமதியில்லாத ஓவர்டைம், பீஸ் ரேட், சம்பந்தமில்லாத வேலை, இதற்கெல்லாம் ஒவ்வொரு முறைக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. ஹெல்மெட் போடாமல் கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டினாலும் 1,000 ரூபாய். ஒரு இளைஞனின் வருஷத்தை வீணாக்கினாலும் அதே விலைதான்.

இனி "டிரெய்னி". இந்தச் சொல்லில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் சேராமல், ஒப்பந்தம் பதியாமல், பாடத்திட்டம் எதுவும் இல்லாமல், வெறுமனே டிரெய்னி என்று பெயர் வைத்து ஆள் எடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. மேலே சொன்ன விலக்கு யாருக்கு? தொழிற்பழகுநர் சட்டத்தின்படி சேர்க்கப்பட்டவருக்கு. அந்தச் சட்டத்தை மிதிக்காத நிறுவனம் அதன் சலுகையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தொழிலாளி செய்கிற வேலையை அப்படியே செய்தால், தாளில் என்ன பெயர் இருந்தாலும், குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.-உம் இ.எஸ்.ஐ.-யும் கேட்க வழி உண்டு. தமிழ்நாட்டில் 1981-ல் வந்த நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்கிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த 480 நாள்தான் பதில்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். "ஒப்பந்தம் பதியலை, அதனால நான் தானாவே தொழிலாளி"ன்னு யாராவது சொல்லி உசுப்பேத்தினால் நம்பிடாதீங்க. சட்டப்படி பழகுநராகச் சேர்ந்தவர், ஒப்பந்தம் பதிவாகாத காரணத்தால் மட்டுமே தொழிலாளி ஆகிவிட மாட்டார் என்று உத்தரப்பிரதேச மின்வாரிய வழக்கில் 2004-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வேலையின் தன்மை என்ன, எந்த அடிப்படையில் எடுத்தார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் தாள்கள் முக்கியம். சேர்ப்பு ஆணை, அடையாள அட்டை, ஷிப்ட் அட்டவணை, பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பெயரை மாற்றி உழைப்பைப் பிடுங்கும் வித்தையில் நம் தென்மாவட்டப் பெண்பிள்ளைகள் கொடுத்த விலை கொஞ்சமா? சுமங்கலித் திட்டம் என்று அழகான பெயர். நூற்பாலை விடுதியில் தங்கி மூன்று வருஷம் "அப்ரண்டிஸ்" ஆக வேலை பார்த்தால், முடிவில் மொத்தமாக 30,000, 50,000 என்று கல்யாணத்துக்குப் பணம் தருவோம் என்றார்கள். வெளியே போக முடியாது, போனில் பேச நேரம் கிடையாது, இரவு ஷிப்ட் உண்டு. மூன்று வருஷம் முடியும் முன்னே உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்த மொத்தப் பணம் கைக்கு வராத கதைகள் எத்தனையோ. 2011-ல் வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளின் ஆய்வறிக்கைகள் வந்து, துணி வாங்கும் பெரிய பிராண்டுகள் கேள்வி கேட்ட பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்கு அப்ரண்டிஸ்? எந்தச் சான்றிதழ் வாங்கினார்கள்? மில்லில் பஞ்சு பறந்ததைத் தவிர அவர்களுக்கு மிஞ்சியது என்ன?

அடுத்தது, பயிற்சி முடிந்த பிறகு. 22-வது பிரிவு, வேலை கொடுப்பது முதலாளியின் கடமை அல்ல என்று முன்பு சொன்னது. 2014 திருத்தம் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதற்கு ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று மட்டும் வைத்தது. அந்தக் கொள்கையை எந்த நோட்டீஸ் போர்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? இன்னொரு உட்பிரிவு இருக்கிறது, கவனியுங்க. பயிற்சி முடிந்தபின் இத்தனை காலம் எங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று பழகுநர் ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டால், பொருத்தமான வேலை தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கும் வந்துவிடும். கட்டுப்பாடு ஒருவழிப் பாதை கிடையாது.

அரசு நிறுவனங்களும் தப்ப முடியாது. போக்குவரத்துக் கழகங்கள் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. ரயில்வே பொன்மலையிலும் பெரம்பூரிலும் எடுக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஆசையோடு போகிறார்கள். உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-லேயே உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், அங்கே பழகியவருக்கு நேரடியாக வருபவரை விட முன்னுரிமை தர வேண்டும், வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை கேட்கக் கூடாது, வயது வரம்பில் தளர்வு தர வேண்டும். ஆனால் நடப்பில், ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்குக் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் என்று ஒதுக்கிவிட்டு, அவர்களையும் தேர்வு எழுதச் சொன்னார்கள். 2018 மார்ச்சில் மும்பையில் அப்ரண்டிஸ் முடித்த இளைஞர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தது அந்த வயிற்றெரிச்சலில்தான்.

முதலாளிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கப்பலூரில் பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்தும் ஒரு சிறு முதலாளிக்கு, பழகும் பையன் கெடுக்கும் ஜாப்பும் உடைக்கும் டூல் பிட்டும் நஷ்டம்தான். சொல்லிக்கொடுத்து முடிக்கும்போது அவன் ஓசூருக்குப் பறந்துவிடுகிறான். இதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு மட்டும் பழகுநரை எடுப்பது கட்டாயம், மொத்த ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் உள்ள இடத்துக்கு அது விருப்பம். 2016-ல் தொடங்கிய தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை அரசே ஏற்கிறது. அந்தப் பங்கு இப்போது பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. சிறு பட்டறைக்கு இந்த 1,500 போதாது, கூட்டிக் கொடுங்கள் என்று நாமும் சேர்ந்து கேட்போம். ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் பெரிய கம்பெனி இந்த நியாயத்தைப் பேச முடியாது.

வெளிநாட்டைப் பார்த்தால், ஜெர்மனியில் வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் தொழிற்சாலை. பழகுநருக்கும் சமூகக் காப்பீடு உண்டு. 2020-ல் முதல் வருஷத்துக்கு மாதம் 515 யூரோவுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே போட்டார்கள், 2025-ல் அது 682 யூரோ ஆனது. ஐந்து வருஷத்தில் படிப்படியாக ஏறியிருக்கிறது. இங்கே 2019-ல் நிர்ணயித்ததை உயர்த்தப் பரிந்துரை வரவே 2025 ஆகிவிட்டது.

ஆகவே நாம் கேட்பது இவைதான்.

ஒன்று, பழகுநர் ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு நகல் வீட்டுக்கு வர வேண்டும்.

இரண்டு, ஸ்டைபண்டை விலைவாசியோடு சேர்த்து வருஷா வருஷம் உயர்த்த வேண்டும்.

மூன்று, பழகியவர்களை வேலைக்கு எடுக்கும் கொள்கையையும், போன வருஷம் எத்தனை பேர் பழகினார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்ற கணக்கையும் நிறுவன வாசலில் எழுதிப் போட வேண்டும்.

நான்கு, பயிற்சியே இல்லாத "டிரெய்னி" முறையைத் தொழிலாளர் துறை நேரில் வந்து சோதிக்க வேண்டும்.

ஐந்து, பட்டறையில் வருஷக்கணக்கில் பழகிச் சான்றிதழ் இல்லாமல் இருப்பவர்களின் திறனைச் சோதித்து, அரசு சான்றிதழ் கொடுக்கும் முகாம்களை மதுரையைச் சுற்றி ஒன்றிய அளவில் நடத்த வேண்டும்.

இதெல்லாம் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது, கையெழுத்துப் போடும் முன் தைரியமாக ஆறு கேள்வி கேட்பது.

1. இது தொழிற்பழகுநர் சட்டப்படியான சேர்க்கையா, இல்லையா?
2. பதிவு எண் எப்போது வரும்?
3. எந்தத் தொழில், எத்தனை மாதம், யார் சொல்லித் தருவார்?
4. மாதம் எவ்வளவு, அதில் சாப்பாடு, விடுதி, பஸ் என்று எவ்வளவு பிடிப்பீர்கள்?
5. முடிவில் எந்தச் சான்றிதழ், யார் தருவது?
6. முடிந்தபின் வேலைக்கு எடுக்கும் கொள்கை என்ன?

பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நீங்களும் தயங்குங்க. ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்க, நகலைக் கொடுங்க, ஒரிஜினலை விட்டுட்டு வராதீங்க. எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீங்க. சந்தேகம் வந்தால் புதூர் அரசு ஐடிஐ-யில் போய் கேளுங்க. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குச் சென்னையில் உள்ள தென்மண்டல தொழிற்பயிற்சி வாரியம் இருக்கிறது. பயிற்சி தொடர்பான தகராறுகளைத் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் எழுத்தில் கொடுக்கலாம், அவர் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நம்ம வார்டு, கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தெருவில் இந்த வருஷம் ஐடிஐ முடித்த பிள்ளைகள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் போங்க. அந்தத் தாளை வாங்கி, வரி வரியாத் தமிழில் சொல்லுங்க. கொடி பிடிக்கிற கை, ஒரு பிள்ளையோட ஒப்பந்தத்தைப் படிச்சுச் சொல்றதுக்கும் ஆகணும்.

வேலை பழகட்டும் நம்ம பிள்ளைகள். ஏமாறப் பழக வேண்டாம்.

படித்தவர்கள் பகிருங்கள்.

#கையெழுத்துக்குமுன்படி
#பழகுநர்உரிமை